செவுள் பார்க்காமல் சொன்ன ‘ஆம்’

விடியுமுன் கரையில் ஏலமெடுத்து, வெயில் ஏறுமுன் விற்று முடித்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு இந்த மேடையின் நடு நாற்காலியில் வந்து அமர்ந்து, இன்றைய கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும், என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் அச்சத்துக்கும் உரிய முத்தாலம்மாள் அவர்களே!

மாடம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, ‘அரை மணி நேரம்தான்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கும் சேலையூர்த் தாய்மார்களே! பள்ளிக்கரணையிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் பதினோரு பேராக வந்து இறங்கிய சகோதரிகளே! கடலோரக் குப்பத்திலிருந்து வந்திருக்கும் மீன்காரத் தாய்மார்களே! எதிர் மாடி பால்கனியில் சாய்ந்துகொண்டு, கூட்டத்துக்கு வந்ததாகவும் இல்லாமல் வராததாகவும் இல்லாமல் நிற்கும் நண்பர்களே! இந்த ஒலிபெருக்கிக்குத் தன் கடையிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டு, மனத்தை மட்டும் கொடுக்காமல் மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் என் மனைவியின் அண்ணன், என் மச்சான் சுப்பராயலு அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினன் குமரேசன் தலைதாழ்த்திச் சொல்கிறேன், வணக்கம்!

மாலை இல்லை, கவனித்தீர்களா? சால்வை இல்லை. பட்டாசு இல்லை. பத்தடிக்கு ஒரு பேனர் இல்லை. எல்லாம் கூட்டத் தலைவர் முத்தாலம்மாள் போட்ட உத்தரவு. “உன்ன பாராட்ட கூப்புடல. நீ அங்க போய் இன்னா சொன்னன்னு கேக்கக் கூப்ட்டுகீறோம். அதுக்கு எதுக்கு மாலை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபது ஆண்டு பொதுவாழ்வில் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். நடு நாற்காலியில் நான் அமர, மக்கள் எதிரே நின்றிருக்கிறார்கள். இன்று மக்கள் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள், நான் எதிரே நிற்கிறேன். நான் நிற்க வேண்டிய இடம் இதுதான்!

நான் என்ன சொல்லப் போகிறேன்? சாதனைப் பட்டியலா? சாலை போட்டேன், சாக்கடை கட்டினேன் என்ற சங்கதியா? அதையெல்லாம் சுவரில் எழுதிவிட்டார்கள் என் தொண்டர்கள், மழையும் பாதியை அழித்துவிட்டது. இன்று நான் சொல்லப் போவது எந்தச் சுவரிலும் இல்லாத செய்தி. உங்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு போன இந்த மனிதன், அங்கே தன் ஓட்டை எப்படிப் போட்டான்? உங்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டுக்கொண்டு போனவன், அமைச்சர்களிடம் என்ன கேள்வி கேட்டான்?

சொல்கிறேன், கேளுங்கள். இரண்டரை ஆண்டுகளில் என் முன்னால் வாக்கெடுப்புக்கு வந்த சட்ட முன்வடிவுகள் நூற்றுப் பதினெட்டு. நான் ‘ஆம்’ என்று சொன்னவை நூற்றுப் பதினெட்டு. ‘இல்லை’ என்று சொன்னது ஒன்றுகூட இல்லை. அந்த நூற்றுப் பதினெட்டில், வாக்களிக்கும் முன்னால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவை எத்தனை?

யாரோ ‘ஐம்பது’ என்கிறீர்கள். ஐயா, உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆறு!

சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். நான் கேட்ட கேள்விகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒரேயடியாகச் சிரித்து முடியுங்கள். மொத்தம் நாற்பத்தொரு கேள்விகள். அதில் ஒன்பது, பக்கத்து இருக்கை உறுப்பினர் எழுதியதைப் பார்த்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதியவை. அவர் மலைப்பகுதிக்காரர். ஒருமுறை ஊர்ப் பெயரை மாற்றிய நான் மற்றதை மாற்ற மறந்துவிட்டேன். ‘சேலையூர்ச் சாலையில் உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் தடுப்புச் சுவர் கட்ட அரசு முன்வருமா’ என்று கேட்டவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? ‘பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சரும் பதில் சொன்னார்!

தாய்மார்களே, பெரியோர்களே! இதுவரை சொன்னதற்குச் சிரிக்கலாம். இனிமேல் சொல்லப் போவதற்கு எனக்குச் சிரிப்பு வராது.

சட்டமன்றத்தில் ஓட்டு எப்படிப் போடுவார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டன் இல்லை, பெட்டி இல்லை, விரலில் மை இல்லை. அவைத்தலைவர் சொல்வார், ‘ஏற்போர் ஆம் என்க.’ நாங்கள் ‘ஆம்’ என்போம். ‘மறுப்போர் இல்லை என்க.’ சிலர் ‘இல்லை’ என்பார்கள். ‘ஏற்போரே அதிகம், நிறைவேறியது’ என்பார். முடிந்தது. யார் ‘ஆம்’ சொன்னார், யார் ‘இல்லை’ சொன்னார், யார் வாயை மட்டும் அசைத்தார், யார் கொட்டாவி விட்டார், எதுவும் எந்த ஏட்டிலும் ஏறாது. குரல் காற்றில் கரைந்துவிடும். சட்டம் மட்டும் கல்லாக நின்றுவிடும்!

அப்படி ஒரு நாள். கூட்டத்தொடரின் கடைசி நாள். ஒரே பிற்பகலில் பதினேழு சட்ட முன்வடிவுகள். பசி நேரம். என் கையில் கைப்பேசி, கைப்பேசியில் நம் தொகுதியில் ஒரு காதுகுத்து அழைப்பிதழ். ‘ஏற்போர் ஆம் என்க.’ ஆம். ‘ஏற்போர் ஆம் என்க.’ ஆம். ஆம், ஆம், ஆம்! பதினேழு முறை சொன்னேன். பதினொன்றாவதாக நான் சொன்ன ‘ஆம்’ எதற்கு என்று எனக்குத் தெரியாது.

அது சாலையோர வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம். நல்ல நோக்கம். நடைபாதை நடப்பதற்கு வேண்டும், பேருந்து நிற்பதற்கு இடம் வேண்டும், யார் மறுப்பார்? ஆனால் அதன் பதினான்காம் பிரிவில் ஒரு சின்ன வரி. ‘பேருந்து நிறுத்தத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள், கூரையிட்டு அனுமதி பெற்ற இடத்தில் அன்றி, நீர் சொட்டும் பொருள்களை விற்றல் கூடாது.’ அவ்வளவுதான். அந்த வரியில் மீன் என்ற சொல் இல்லை. கூடை என்ற சொல் இல்லை. முத்தாலம்மாள் என்ற பெயர் இல்லை. ஆனால் இந்தக் கேம்ப் ரோடு பேருந்து நிறுத்தத்திலிருந்து முப்பது அடி தள்ளி, இருபத்திரண்டு ஆண்டுகளாக அருவாமனையும் அன்னக்கூடையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணை எழுப்பிவிட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது!

இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார்கள். சட்டம் இருக்கிறது, எழுந்திருங்கள் என்றார்கள். எழுந்தார்கள். இங்கே முத்தாலம்மாள் எழுந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எழுந்தார்கள், மேடவாக்கத்தில் எழுந்தார்கள். நம் தொகுதியில் மட்டும் அறுபத்துமூன்று பெண்கள். உள்தெருக்களுக்குப் போனார்கள். அடுக்குமாடி வாசலில் காவலாளி நிற்க விடவில்லை. வாங்க வேண்டியவர்களுக்கு இவர்கள் இருக்கும் இடம் தெரியவில்லை. பதினோரு மணி வெயிலில் ஐஸ் கரைந்தது, சங்கராவின் நிறம் மங்கியது, நெத்திலி நெகிழ்ந்து போனது. பாதிக் கூடை திரும்பிப் போயிற்று. மறுநாள் எடுக்கும் மீன் குறைந்தது. எட்டுப் பெண்கள் தொழிலையே விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனார்கள். கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கடல் துரோகம் செய்யவில்லை. நான் செய்தேன்!

ஒரு காலையில் என் அலுவலகத்துக்கு முத்தாலம்மாள் வந்தார். பின்னால் முப்பது பெண்கள். வாசலில் நின்றே கேட்டார்.

“இன்னா எம்மெல்லே, நாங்க இங்க குந்தக் கூடாதுன்னு சட்டம் போட்டுகீறியாமே?”

நான் என்ன சொன்னேன்? மறைக்க மாட்டேன். “அம்மா, எனக்குத் தெரியாது. அதெல்லாம் அதிகாரிங்க பண்ற வேலை. நான் பேசுறேன்” என்றேன். எத்தனை எளிதாக வந்தது அந்தப் பொய்! தயாராக நாக்கின் நுனியில் நின்றுகொண்டிருந்தது.

அவர்களோடு ஒரு பெண் வந்திருந்தார். சத்யப்ரியா. சேலையூர்ப் பெண், சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. அவர் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாக முத்தாலம்மாள் கூடையில்தான் மீன் வாங்குகிறார்கள். அந்தப் பெண் ஒரு காகிதக் கட்டை என் மேசைமேல் வைத்தார். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு. அச்செடுத்து, பென்சிலில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

“சார், அன்னிக்கு அட்டெண்டன்ஸ்ல உங்க பேர் இருக்கு. பில் பாஸ் ஆனதும் இருக்கு. ஆனா நீங்க எப்படி வோட் பண்ணீங்கன்னு மட்டும் எங்கேயும் ரெக்கார்டு இல்ல. அதனால உங்களையே கேக்கறோம். என்ன சொன்னீங்க சார்?”

நான் ‘நினைவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். எந்த ஆதாரமும் இல்லை. எந்த நீதிமன்றமும் என்னைப் பிடிக்க முடியாது. ஆனால் எதிரே முப்பது பெண்கள். ஏன் என்று தெரியவில்லை, அன்று உண்மை வந்தது.

“ஆம் சொன்னேன்” என்றேன்.

முத்தாலம்மாள் கேட்டார், “படிச்சியா?”

“படிக்கலம்மா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. உண்மையாகவே புரியாமல், ஆச்சரியத்தோடு கேட்டார். “படிக்காம எப்டிப்பா சரின்னு சொன்ன? செவுளு தூக்கிப் பாக்காம நான் ஒரு மத்தியாவது எடுப்பனா? நாலு மணி இருட்டுல, டார்ச்சு அடிச்சு, ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்துத்தான எடுக்குறேன்? என்னை நம்பித் துன்றவங்க இருக்காங்கன்னு!”

என்னை நம்பித் தின்பவர்கள் இருக்கிறார்கள் என்று! அம்மா, நாடாளும் தத்துவத்தை எவ்வளவு நூல்களில் எவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள்! இரண்டரை லட்சம் பேர் என்னை நம்பியிருந்தார்கள். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேனா? செம்மையா சாம்பலா என்று பார்த்தேனா? கண் தெளிவா குழியா என்று பார்த்தேனா? பொட்டலத்தைப் பிரிக்காமலே ‘நல்ல சரக்கு’ என்று சொல்லி உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, வெட்கப்பட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் வேலை நடக்குமா? கேள்வி எழுதினேன். யாரையும் பார்த்து எழுதாத முதல் கேள்வி. ‘சாலையோர வணிகச் சட்டத்தால் மீன் விற்கும் பெண்கள் பாதிக்கப்பட்டிருப்பதை அரசு அறியுமா? அறியுமாயின், எடுத்த நடவடிக்கை யாது?’ காத்திருந்தேன். கூட்டத்தொடர் வந்தது. பதில் வந்தது. என்ன பதில் தெரியுமா?

‘இது தொடர்பாகப் புகார் ஏதும் பெறப்படவில்லை. ஆகவே இரண்டாம் வினா எழவில்லை.’

நான் கொதித்துப் போனேன். பதினான்கு வாரங்கள்! வாரந்தவறாமல் செவ்வாய்க்கிழமை இந்தப் பெண்கள் தங்களை எழுப்பிவிட்ட அதிகாரிகளின் அலுவலக வாசலில் போய் நின்று, நாலு தெருவுக்குக் கேட்கும்படி முறையிட்டார்கள். புகார் இல்லையா? அமைச்சர் பொய் சொல்கிறாரா? விசாரித்தேன். அமைச்சர் பொய் சொல்லவில்லை, தோழர்களே! கோப்பைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பதினான்கு வாரமும் வாயால் மட்டுமே சொல்லியிருக்கிறார்கள்.

முத்தாலம்மாளிடம் கேட்டேன், “ஏம்மா, ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கலாமே?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏலத்துல லட்ச ரூபா மீன வாயாலதான் கேக்குறோம், வாயாலதான் குடுக்குறான். சொன்ன சொல்லு மாறுனா கரையில நிக்க முடியுமா? வாயால சொன்னா பத்தாதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்?”

நன்றாகக் கேளுங்கள்! கரையில் வாய்ச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அந்த நம்பிக்கையோடு நகரத்துக்கு வந்து வாயால் முறையிட்டார்கள். அவர்கள் செய்த தவறு அது ஒன்றுதான். ஆனால் நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள். சட்டமன்றத்தில் நான் வாயால் சொன்ன ஒரு ‘ஆம்’ சட்டமாகிறது! சாலையில் அவர்கள் வாயால் சொன்ன பதினான்கு வாரத்துப் புகார், புகார் என்ற கணக்கிலேயே வருவதில்லை! என் வாய்க்கு இருக்கும் பலம் அவர் வாய்க்கு ஏன் இல்லை? படிக்காமல் பேசியவன் நான். பட்டதைப் பேசியவர் அவர். எந்தச் சொல் சட்டமாகியிருக்க வேண்டும்? எந்தச் சொல் காற்றில் போயிருக்க வேண்டும்?

கைதட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், வேலை இனிமேல்தான் இருக்கிறது.

சத்யப்ரியா மனு எழுதும் பொறுப்பை ஏற்றார். ஒரே மனுவில் அறுபத்துமூன்று கையெழுத்து வாங்கலாம் என்றேன் நான். “வேணாம் சார், அது ஒரு புகார்னுதான் கணக்காகும். ஆளுக்கு ஒண்ணு குடுப்போம்” என்றார். கூடை திரும்பிப் போகிற வழியில், ஷேர் ஆட்டோவில், ஐஸ் பெட்டிமேல் வைத்து எழுதினார்கள். வாங்குகிறவர்களும் எழுதினார்கள். ஒரு அக்கா எழுதினார், ‘எனக்கு முழங்கால் வலி, வாசலுக்கு வரும் மீனை விட்டால் எனக்குச் சந்தை இல்லை.’ இன்னொருவர் ஒரே வரி எழுதினார், ‘அந்தம்மா எங்களை ஏமாற்றியதே இல்லை.’ மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள்!

அதைக் கொண்டுபோய்க் கொடுத்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதே அலுவலகத்தில் தபால் வாங்கும் மேசையில் தோத்தாத்ரி என்று ஒரு பெரியவர். வெங்காயம்கூடச் சாப்பிடாத வீடு. அவர்முன் இந்த நானூற்றுப் பன்னிரண்டு மனுக்களும் கூடையிலிருந்து இறங்கின. நான்கைந்தில் மீன் செதிலும் ஒட்டியிருந்தது. மனிதர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். “ஏம்மா, இதெல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துண்டு வரப்படாதா?” என்றார். முத்தாலம்மாள், “சாமி, மன்னிச்சுக்கோ. நாளைக்கு வேற காய்தத்துல எழுதினு வரட்டுமா?” என்றார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “நாளைக்குன்னா தேதி மாறிடும். கொடுங்கோ.” உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எண் போட்டார், முத்திரை குத்தினார், நானூற்றுப் பன்னிரண்டுக்கும் தனித்தனியாக ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. திறக்கும் மனநிலையும் இருந்திருக்காது, அது வேறு!

நாடு கெட்டுப்போய்விட்டது என்று புலம்புகிறோமே, அந்த மேசையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு முத்திரை குத்தும் மனிதர் இருக்கும்வரை இந்த நாட்டில் நம்பிக்கை வைக்கலாம் என்று நான் சொல்வேன்.

அடுத்த கூட்டத்தொடர். அதே கேள்வி. இம்முறை அமைச்சர் எழுந்தார். “நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள் பெறப்பட்டுள்ளன” என்றார். அவை நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் துணைக்கேள்விக்கு எழுந்தேன். எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல், “அன்னிக்கு ‘ஆம்’ சொன்னது நீங்கதானே?”

முன்பு போலிருந்தால் மழுப்பியிருப்பேன். “ஆம், நான்தான் சொன்னேன். படிக்காமல் சொன்னேன். அன்று இந்த அவையில் அதைப் படித்துவிட்டு வாக்களித்தவர்கள் யாராவது இருந்தால் எழுந்து நிற்கட்டும்” என்றேன். ஒருவர் மட்டும் எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், ‘தண்ணி குடிக்கப் போறேன்’ என்று சைகை காட்டிவிட்டு வெளியே போனார்! நான் சொன்ன அந்த வரி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் இந்த மேடையில் சொல்கிறேன். இங்கே நீக்குகிற அதிகாரம் தலைவர் முத்தாலம்மாளுக்கு மட்டும்தான். அவர் தலையாட்டுகிறார், இருக்கட்டும் என்கிறார்.

அமைச்சர் நல்ல மனிதர். சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், “உறுப்பினர் சொல்வதில் உண்மை இருக்கிறது. திருத்தம் கொண்டுவருவோம்.” கொண்டுவந்துவிட்டார்! ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் விற்றவர்களை எழுப்பக் கூடாது. கழிவுநீர் போக வழியும், தலைக்கு மேல் கூரையும் அரசே செய்து தர வேண்டும். பதினோரு பக்கம். நான் மூன்று முறை படித்தேன். சத்யப்ரியா படித்தார். முத்தாலம்மாளுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினோம். ஓரிடத்தில் நிறுத்தி, “கூரைன்னா சரி, ஐஸ் பொட்டி வைக்க எடம்?” என்று கேட்டார். அதிகாரிகள் யாருக்கும் தோன்றாதது! அதையும் எழுதி அனுப்பினோம், சேர்த்துவிட்டார்கள்.

வருகிற திங்கட்கிழமை அது வாக்கெடுப்புக்கு வருகிறது.

இன்னும் ஜெயிக்கவில்லை. அதை மறக்க வேண்டாம். எல்லாக் கட்சியிலும் இதை ஆதரிப்பவர்கள் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. கட்சிகள் கட்டளையிடாமல் உறுப்பினர் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. கடை வைத்திருப்பவர்கள் பலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மச்சான், எழுந்திருக்காதீர்கள், உங்களை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். போன பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், “மச்சான், அவங்க திரும்ப வந்தா நம்ம கடை வாசல்ல பழையபடி நாத்தம் அடிக்கும், தண்ணி தேங்கும். நீ நம்ம பக்கமா, அவங்க பக்கமா?” அவர் குடும்பம் இந்த மண்ணில் நெல் விளைத்த குடும்பம். வயல் போய்க் கடையானது. கடையும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் பொய்யில்லை, நாற்றமும் பொய்யில்லை! அதனால்தான் திருத்தத்தில் கழிவுநீர் வழி முதல் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கும் பதினோரு பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டாரா என்று தெரியவில்லை.

என்ன மச்சான்? “படிச்சாச்சு” என்கிறார்! கேட்டீர்களா? சரி என்று சொல்லவில்லை. படித்துவிட்டேன் என்கிறார். போதும்! எனக்கு இன்றைக்கு அது போதும். படித்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்கிறவரை நான் மதிக்கிறேன். படிக்காமல் ‘ஆம்’ என்று சொன்ன இந்தக் குமரேசனை விட அவர் நூறு மடங்கு மேல்!

திங்கட்கிழமை குரல் வாக்கெடுப்பு வேண்டாம் என்று எழுந்து சொல்லப் போகிறேன். டிவிஷன் கேட்கப் போகிறேன். அப்படிக் கேட்டால் அவையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஏற்போர் எழுந்து நிற்க வேண்டும். மறுப்போர் எழுந்து நிற்க வேண்டும். தலை எண்ணப்படும், பெயர் பதிவாகும். அதற்குப் பிறகு எந்தச் சத்யப்ரியாவும் எந்த உறுப்பினரிடமும் போய் ‘என்ன சொன்னீங்க சார்’ என்று கேட்க வேண்டியிருக்காது. அச்சில் இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும். இரண்டரை ஆண்டில் நூற்றுப் பதினெட்டு முறை என் குரல் போயிற்று, திங்கட்கிழமை முதன்முறையாக என் பெயர் போகப் போகிறது!

வெல்வோமா? எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்தேன், ஏழெட்டுப் பேர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் நம்பிக்கை இருக்கிறது. ஏன் இருக்கிறது? அந்த ஏழெட்டுப் பேரும் என்னிடம் பதினோரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், தாய்மார்களே! பார்க்கிறவன் கெட்டதை எடுக்க மாட்டான்!

பார்வையாளர் மாடத்துக்கு ஒரு உறுப்பினருக்கு நான்கு அனுமதிச் சீட்டுதான். தொழிலை விட்டுப் போன எட்டுப் பேரையும் சேர்த்து இவர்கள் அறுபத்துமூன்று பேர். பதினைந்து உறுப்பினர்களின் வாசலில் போய்க் கேட்டேன். இரண்டு பேர் என் திருத்தத்தை எதிர்ப்பவர்கள், அவர்களும் கொடுத்தார்கள். அறுபத்துமூன்றும் சேர்ந்துவிட்டது. நேற்று கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு விதியையும் சொன்னேன். “அம்மா, அங்க மாடத்துல பேசக் கூடாது. கைதட்டக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் வெளியே அனுப்பிடுவாங்க.”

முத்தாலம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்பில் சுருக்குப்பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்.

“நாங்க வாய மூடிகினு குந்திகினு இருக்கோம். பதினாலு வாரம் கத்தியாச்சு, போதும். நீ எழுந்து நில்லு. நிக்கறியா இல்லியான்னு மேலேர்ந்து பாத்துகினே இருப்பேன்.”

பார்த்துக்கொண்டே இருங்கள், அம்மா! அதைத்தான் கேட்கிறேன். என்னை மட்டுமல்ல, எனக்குப் பிறகு வருகிறவரையும் பாருங்கள். சாலை கேட்கும்போது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறீர்களோ, அதே சத்தத்தோடு ‘நீ என்ன ஓட்டுப் போட்டாய்’ என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதே கேம்ப் ரோட்டில், மாலையில்லாமல், சால்வையில்லாமல், உங்கள் உறுப்பினனை நிற்க வையுங்கள். கேட்க ஆளிருக்கும் இடத்தில்தான் பதிலும் பிறக்கும்!

நேரமாகிவிட்டது. தலைவர் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கரையில் இருக்க வேண்டும், என்னை முறைக்கிறார். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நடுவில் ஹாரன் அடிக்காமல் போன இரண்டு பேருந்து ஓட்டுநர்களுக்கும், மின்சாரம் கொடுத்துப் படித்தும் விட்ட மச்சானுக்கும் என் நன்றி. கடைசியாக ஒரே ஒரு அறிவிப்பு, சேலையூரில் சமைக்கும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை கேம்ப் ரோட்டு உள்தெருக்களிலும் சரி, ராஜகீழ்ப்பாக்கத்திலும் சரி, மேடவாக்கத்திலும் சரி, மீன் கிடைக்காது. அன்று ஒருநாள் சாம்பார் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மீன் தருகிறவர்களும் தந்தவர்களுமாக அறுபத்துமூன்று பேரும் அன்று காலை சட்டமன்றத்தில் இருப்பார்கள். வணக்கம்!